மலையில் பல கிறிஸ்தவ சபை இளைஞர்கள் சேர்ந்து சமூக நீதிப் பணி தொடங்க: எங்கே தொடங்குவது, என்னென்ன தாள் வேண்டும், எவ்வளவு நாள் ஆகும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் மூன்று சபைகளைச் சேர்ந்த நாங்கள் 8 பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்காகச் சேர்ந்து ஏதாவது செய்வோம் என்று முடிவெடுத்தோம். எங்கள் முதல் மனுவுக்கு ரசீது கையில் வர அதன்பிறகு 14 மாதம் ஆனது. யாரிடம் முதலில் போவது, எதை எழுதிக் கொடுப்பது, எந்த மாதத்தில் கேட்பது என்று சொல்லித்தர ஆள் இல்லாததால் அதில் பாதி நாள் வீணாகப் போனது. அந்தப் பாதி உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நீலகிரியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. பெயர் வைக்கும் முன் ஆளைச் சேருங்கள்

எங்களுக்கு முதல் இரண்டு மாதம் பெயரிலும் லோகோவிலும் வாட்ஸ்அப் குழுவிலுமே போய்விட்டது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். 7 முதல் 10 பேர் போதும். குறைந்தது மூன்று சபைகளிலிருந்து இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், இரண்டு பேராவது இன்றைக்கும் கொழுந்து பறிக்கிற வீட்டிலிருந்து வரவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. எங்கள் குழுவில் முதலில் எல்லோரும் டவுனில் படித்தவர்கள், அதனால் லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) என்ன பிரச்சினை என்று நாங்களே ஊகித்து நாங்களே தீர்வும் எழுதிக்கொண்டிருந்தோம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் நிலைமை வேறு. அங்கே மார்த்தோமா, ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா, சீரோ மலபார் என்று மலையாளம் பேசும் சபைகள் நிறைய. கூட்டத்தைத் தமிழில் மட்டும் நடத்தினால் அவர்கள் மரியாதைக்கு ஒருமுறை வருவார்கள், அடுத்த முறை வரமாட்டார்கள். ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு மலையாளத்தில் வையுங்கள்.

2. ஆயரிடமும் (சபைப் பாஸ்டர்) பங்குத்தந்தையிடமும் கடிதம் வாங்குங்கள்

வாய்வார்த்தை அனுமதி போதாது. "நல்ல காரியம், செய்யுங்க தம்பி" என்று சொன்ன ஒருவரே, கமிட்டியில் யாராவது கேள்வி கேட்டதும், "அப்படி நான் சொல்லலையே" என்று பின்வாங்கியதைப் பார்த்துவிட்டோம். அரைப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் எழுதிக்கொண்டு போங்கள். யார் யார், எந்த ஊரில், என்ன வேலை, எத்தனை மாதம் என்பது அதில் இருக்க வேண்டும். கூடவே மூன்று உறுதிமொழி: ஆளை ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்கு இழுக்க மாட்டோம், சபையின் பெயரில் பணம் வசூலிக்க மாட்டோம், எந்தக் கட்சி மேடையிலும் இந்தப் பெயரில் நிற்க மாட்டோம். எங்களுக்குக் கதவு திறந்தது இந்த மூன்று வரியால்தான், அதிலும் முதல் வரியால். பாஸ்டர்களுக்கு இருக்கிற பெரிய பயமே அதுதான்.

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் நீலகிரி கோயம்புத்தூர் திருமண்டலத்துக்குள் வருகிறது. உள்ளூர் ஆயரின் கடிதத்தோடு திருமண்டல இளைஞர் பணிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையின் கடிதம், நகல் உதகை மறைமாவட்ட இளைஞர் பணிக்குழுவுக்கு. கூடலூர் சீரோ மலபார் பங்குகள் மானந்தவாடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை, அதனால் நகலை உதகைக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் பாஸ்டர் ஒருவரே முடிவெடுப்பார், ஆனால் நேரில் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும்.

நேரம் ரொம்ப முக்கியம். ஆயர்கள், பங்குத்தந்தையர் இடமாற்றம் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் நடக்கும். நாங்கள் மார்ச்சில் ஒரு கடிதம் வாங்கினோம், மே மாதம் அவர் மாறிப்போனார், புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. தவக்காலத்திலும் டிசம்பரிலும் யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. ஜூலை, ஆகஸ்ட்தான் நல்ல மாதம். மழைதான், ஆனால் ஆள் வீட்டில் இருப்பார்.

இன்னொன்று. "எக்குமெனிக்கல்" என்ற வார்த்தையைக் கடிதத்தில் போடாதீர்கள். அதைப் பார்த்ததும் சிலர் எல்லா மதத்தையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்று நினைக்கிறார்கள். "சபைகளின் ஒற்றுமை" என்று எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது.

3. சேர்ந்து ஜெபிக்க ஒரு நாள்

கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம் ஒவ்வொரு வருடமும் ஜனவரி 18 முதல் 25 வரை. உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் சேர்ந்து வெளியிடும் வழிபாட்டு முறை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2013ஆம் வருடத்துக்கான முறையைத் தயாரித்தது நம் நாட்டு மாணவர் கிறிஸ்தவ இயக்கம், மீகா 6:6-8 வசனத்தை மையமாக வைத்து, தலித் மக்களின் நீதியைப் பற்றி. ஒற்றுமையும் நீதியும் ஒரே வழிபாட்டில் எப்படிச் சேரும் என்று பார்க்க அதைத் தேடி எடுத்து வாசியுங்கள், இன்றைக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

இதில் எங்கே தடுக்கும் என்றால்: முதல் கூட்டத்தில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லத் தொடங்கியதும் பாதிப் பேர் "பரமண்டலங்களிலிருக்கிற" என்றார்கள், பாதிப் பேர் "விண்ணுலகில் இருக்கிற" என்றார்கள், இரண்டாவது வரியில் எல்லோரும் நிறுத்திவிட்டோம். அந்த அமைதி எங்களை ரொம்ப நாள் உறுத்தியது. இப்போது இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து, ஒருமுறை ஒன்று, அடுத்தமுறை மற்றது என்று சொல்கிறோம். வேதாகமமும் அப்படித்தான். சிஎஸ்ஐ போன்ற புராட்டஸ்டன்ட் தரப்புக்குச் சங்கீதம், கத்தோலிக்கத் தரப்புக்குத் திருப்பாடல். பரிசுத்த ஆவி, தூய ஆவி. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்ததுதான், ஆனாலும் சிஎஸ்ஐ வீடுகளில் பழைய மொழிபெயர்ப்புதான் மனப்பாடம். யாரையும் மாற்றச் சொல்லாதீர்கள், வாசிக்கிறவர் தன் புத்தகத்திலேயே வாசிக்கட்டும்.

திருவிருந்தைச் சேர்ந்து எடுக்கத் திட்டமிடாதீர்கள். கத்தோலிக்கச் சட்டப்படி அவர்களுடைய குருவானவர் மற்ற சபை ஆயரோடு சேர்ந்து நற்கருணை நிறைவேற்ற முடியாது. ஆர்வத்தில் கேட்டுவிட்டால் அவருக்கும் சங்கடம், நமக்கும் வருத்தம். வசன வாசிப்பு, பாட்டு, மன்றாட்டு என்று வைத்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஜனவரி என்பதால் உறைபனி. ஊட்டியில் சாயங்காலம் 6 மணிக்கு வைத்தால் பெரியவர்கள் வரமாட்டார்கள், கடைசி பஸ்ஸும் போய்விடும். மதியம் 2 முதல் 4 வரை வையுங்கள். ஆலயத்துக்குள் ஜெபம் என்றால் சரி. ரோட்டில் பவனி, மைதானம், ஒலிபெருக்கி என்றால் காவல்துறை அனுமதி வேண்டும். 10 நாள் முன்பே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது.

4. ஒரே ஒரு வேலையை எடுங்கள்

கூலி, வீடு, பள்ளிக்கூடம், மது, யானை என்று மலையில் பிரச்சினை நிறைய. எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம், ஆறு மாதம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு பாட்டிதான் எங்களுக்கு வழி காட்டினார். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, "கண்ணு, நீங்க பேசுறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, எம் பேத்திக்கு சாதிச் சான்றிதழ் இல்லாம காலேஜ்ல சேத்துக்க மாட்டேங்கிறாங்க, அதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்தோம். சான்றிதழ்கள், அது மட்டும். வேறு சபை என்பதால் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பெண்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பியபோது ஏற்பட்ட நெருக்கம், அதற்கு முன் நடந்த எந்தக் கூட்டத்திலும் ஏற்படவில்லை.

5. சான்றிதழ் முகாம்: இதில்தான் அதிக கவனம் வேண்டும்

எஸ்டேட் தனியார் இடம். மேனேஜருக்குத் தெரியாமல் லைனுக்குள் மேசை போட்டால், உங்களுக்கு ஒன்றும் ஆகாது, அழைத்த குடும்பத்துக்குத்தான் தொந்தரவு. ஒன்று எழுதி அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் பக்கத்து ஆலயக் கூடத்தில் வையுங்கள். ஞாயிறு மதியம்தான் வேலைக்குப் போகிறவர்கள் வரமுடியும். வனத்துறை எல்லைக்குள் இருக்கும் பழங்குடி கிராமங்களுக்குப் போக வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டியவை: ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, பள்ளி மாற்றுச் சான்றிதழ், அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, ஆதாரோடு இணைந்த கைபேசி. கைபேசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஓடிபி வராமல் இ-சேவை மையத்தில் வேலை நகராது, லைன்களில் பலர் பழைய நம்பரை விட்டுவிட்டிருப்பார்கள். முதல் முகாமில் பாதிப் பேரை இதனாலேயே திருப்பி அனுப்பினோம், அதுவும் ஒரு நாள் விடுமுறையைக் கொடுத்து நடந்து வந்தவர்களை. இப்போது ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போய் நம்பரைச் சரிபார்த்துவிட்டுத்தான் தேதி வைக்கிறோம்.

அரசு இ-சேவை மையத்தில் வருவாய்த்துறைச் சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய். முதல்முறை என்றால் கேன் எண் (விண்ணப்பதாரருக்கான அடையாள எண்) பதிவு செய்வார்கள், அதை நோட்டில் குறித்து வையுங்கள், அடுத்த சான்றிதழுக்கும் அதுவேதான். அதிகம் கேட்டால் ரசீது கேளுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும், அதனால் ரொம்ப முன்னதாக எடுக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டையும் பிப்ரவரி, மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள். மே மாதம் கல்லூரிச் சேர்க்கை நெரிசலில் மாட்டினால் விசாரணைக்கு ஆள் வர நாளாகும்.

பெயர் பொருந்தாமல் இருப்பது நம் மக்களிடம் அதிகம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று. முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு மற்றதைத் தொடுங்கள், வரிசை மாறினால் இரட்டை வேலை.

இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் இருக்கும். அந்த அசலை எந்தக் காரணத்துக்கும் நீங்கள் வாங்கி வைக்காதீர்கள், லேமினேட் செய்யச் சொல்லாதீர்கள். அவர்கள் முன்னாலேயே நகல் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு தாள்தான் எல்லாமே.

இனி கொஞ்சம் கடினமான விஷயம். 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். தமிழ்நாட்டில், ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். பழங்குடியினருக்கு இந்தத் தடை இல்லை, மதம் மாறினாலும் பழங்குடியினர்தான். முகாமில் ஒரு அப்பா வந்து, "என்ன மதம்னு போடட்டும், நீங்களே சொல்லுங்க தம்பி" என்று கேட்பார். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். சட்டம் என்ன என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். பொய் எழுதச் சொன்னால் நாளைக்கு அந்தப் பிள்ளையின் வேலை போகும். உண்மையை எழுதி உதவித்தொகை இழந்த குடும்பத்தைக் கைவிட்டால் அது நம் பாவம். இந்த அநியாயத்தைப் பற்றிச் சபைகள் சேர்ந்து பேச ஒரு நாள் இருக்கிறது, நவம்பர் 2வது ஞாயிறு, தலித் விடுதலை ஞாயிறு. உங்கள் ஆலயங்களில் அது அனுசரிக்கப்படுகிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் செப்டம்பரிலேயே எழுதிக் கேளுங்கள். சில இடங்களில் பதில் வராது. ஏன் வரவில்லை என்பது உங்களுக்கே புரியும், அதற்காகக் கேட்பதை நிறுத்தாதீர்கள்.

உதவி செய்யும் மேசையில் மதப் பிரசாரத் துண்டுப்பிரதி வைக்காதீர்கள். உங்கள் மேசைக்கு இந்துக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் வரும், வரவேண்டும். சான்றிதழுக்கு வந்தவரிடம் ஜெபிக்கலாமா என்று கேட்டால் அவரால் மறுக்க முடியாது, அந்த நிலையில் அவரை வைப்பது நியாயமில்லை.

6. மனு, தகவல் உரிமை, சட்ட உதவி

திங்கட்கிழமை தோறும் ஊட்டியில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை மட்டும். கையெழுத்து பாதிக்கப்பட்டவருடையது, குழுவுடையது அல்ல. எங்கள் முதல் மனுவில் ஐந்து பிரச்சினையை எழுதி நாங்கள் 8 பேரும் கையெழுத்துப் போட்டோம், அது எந்தத் துறைக்குப் போனது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. ரசீது எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. "என் மனு ஏன் நிற்கிறது" என்று கேட்காதீர்கள், "இந்த எண்ணுள்ள மனு மீது எந்தெந்தத் தேதியில் என்ன நடவடிக்கை, யாரால் எடுக்கப்பட்டது, நகல் தருக" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை அதே நகலில் பின் செய்து வையுங்கள்.

வழக்கு அளவுக்குப் போகும் என்றால் நீங்களே வக்கீல் தேடாதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

7. பணம்

ஜெராக்ஸ், பஸ், டீ. முதல் வருடம் இவ்வளவுதான் செலவு, எங்களுக்கு மாதம் 1,500 ரூபாயைத் தாண்டவில்லை, ஆளுக்கு 200 ரூபாய் போட்டோம். ஒருவர் பெயரில் வாங்காமல் இரண்டு பேர் பார்க்கும்படி நோட்டில் எழுதுங்கள்.

பெரிய சிக்கல் வெளிநாட்டுப் பணம். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் ஊர்க்காரர் நல்ல மனதோடு "உன் அக்கவுண்ட்டுக்கு அனுப்புறேன், பிள்ளைங்களுக்குச் செலவு பண்ணு" என்பார். அவர் இந்தியக் குடியுரிமையை விட்டிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை, குழு வேலைக்காக அதை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அமைப்பு 3 வருடம் நடந்திருக்க வேண்டும், அந்த 3 நிதியாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும், கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும். நம்மால் ஆகாது. நன்றி சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சங்கமாகப் பதிவு செய்ய 7 பேர் இருந்தால் போதும், 1975ஆம் வருடச் சட்டத்தின்கீழ் செய்யலாம். ஆனால் வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு வருடம் ஓடிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது என்பது என் கருத்து.

8. பிள்ளைகள், பாதை, மழை

18 வயதுக்குக் கீழே யாராவது வந்தால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சேர்க்காதீர்கள். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக எங்கும் போகக்கூடாது. பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் சபைக்குள் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் கூட்டத்தை 4 மணிக்கு முடித்துவிடுங்கள், இருட்டினால் யானை. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர் கோத்தகிரி பக்கம் அக்டோபர் நவம்பரிலும் முகாம் வைக்காதீர்கள், மண் சரிந்தால் ரோடு அடைபடும். மாவட்ட அவசர எண் 1077. கோவையிலிருந்து வேன் எடுத்து நண்பர்கள் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. சின்ன தண்ணீர் பாட்டில் இங்கே தடை, எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

9. பயிற்சிக்குப் போக

மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தின் முகாம்கள், கத்தோலிக்க மாணவர்களுக்கு ஐக்கஃப் (அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு), இவற்றில் தொடங்குங்கள். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஸ்டூவர்டு திட்டம் (அதன் கூட்டங்களில் இளைஞர்கள் தொண்டு செய்து கற்பது) 18 முதல் 30 வயதுக்காரர்களுக்கு. அதற்கு ஆசை இருந்தால் இப்போதே பாஸ்போர்ட் எடுங்கள், சாதாரண முறையில் 1,500 ரூபாய். அழைப்பு வந்த பிறகு எடுக்கப் போன எங்கள் தோழி ஒருவர், முகவரி மாறியிருந்ததால் போலீஸ் விசாரணையில் நாள் கடந்து வாய்ப்பை இழந்தார். மன்றத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனிவா என்றால் ஷெங்கன் விசா, கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு. 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். செலவை யார் ஏற்கிறார்கள் என்பது அழைப்புக் கடிதத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

10. நோட்டு யாரிடம் இருக்கிறது?

மலையில் இளைஞர்கள் நிலைப்பதில்லை. ஒருவர் திருப்பூர் போவார், ஒருவருக்குக் கல்யாணமாகிப் பெங்களூர் போவார். எங்கள் 8 பேரில் இப்போது மலையில் இருப்பது 3 பேர். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நீள நோட்டு போடுங்கள். பெயர், மனு எண், தேதி, அடுத்து என்ன செய்யவேண்டும், யார் செய்வது. கைபேசியில் மட்டும் வைக்காதீர்கள். அசல் தாள் எதுவும் அதற்குள் இருக்கக்கூடாது, நகல் மட்டும். கைமாறும்போது பழையவரும் புதியவரும் சேர்ந்து, முடியாமல் நிற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். எங்கள் நோட்டு இப்போது மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. அவர் வேறு சபை. அந்தப் பாட்டியின் பேத்திதான்.